மச்சானின் காற்று

குடிநீர் ஆலையின் முக்குளிப்பாளர்களுக்குப் புது மாஸ்க் தேர்ந்தெடுக்கும் நாளன்று, எங்கள் குடியிருப்பின் கூடத்தில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து மூன்று மாதிரிகளை வைத்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் அக்கா தங்கைகள் மூன்று பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்த மாதிரி. எங்கள் ஆட்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். தொட்டுப் பார்க்க ஆசை, தொட வெட்கம். பஜ்ஜி விஷயத்தில் மட்டும் யாருக்கும் வெட்கம் இல்லை.

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் தொம்மைதான் ஆலையின் சாமான் அறைக்குப் பொறுப்பு. கடலிலிருந்து ஏறி வரும் மாஸ்க்குகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவது என் உத்தியோகம். மாஸ்க்கோடு சேர்த்து ஆட்களும் அந்த அறைக்குத்தான் வருவார்கள். ஈரத்தோடு நிற்கிற மனிதன் பொய் சொல்ல மாட்டான். காதை மூடிக்கொண்டு அலசு என்று எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, மழையை நம்ப முடியாமல் போன வருஷங்களில் கட்டிய ஆலை இது. கடலுக்கடியில் நீளமாக ஒரு குழாய், அதன்மேல் ஆறு இரும்புக் கூண்டுகள். கூண்டு வழியாகக் கடல்நீர் உள்ளே போய், குடிநீராகக் கரையேறும். கூண்டில் மட்டிச் சிப்பியும், சொறி என்கிற ஜெல்லிமீனும் அடைத்துக்கொள்ளும். அதைச் சுரண்டிவிடத்தான் நாற்பது பேர் தினமும் பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறார்கள். நாலு நாள் சுரண்டாவிட்டால் மூன்று மாவட்டத்தில் குடம் காலி.

மாஸ்க் கொண்டுவந்தவள் சென்னைப் பெண், மிருதுளா. மாஸ்க்கைச் செய்தவளும் அவளே. முதல் மாதிரி, காற்றும் ஆழமும் கண்ணாடிக்குள்ளேயே எழுத்தாக ஒளிரும் மாஸ்க்; அதைக் கையில் எடுத்துப் பார்த்தார் இன்னாசி. ஐம்பத்திரண்டு வயது, கூட்டத்தில் மூத்த முக்குளிப்பாளர்.

"எம்மா, எழுத்து எறும்பு கணக்கா ஊருதே. அதுலயும் அபாயம்னு செவப்புல போட்டிருக்கிய. பதினஞ்சு மீட்டர் தாண்டினா செவப்பு கறுப்பாயிரும். எங்க சாவுச் சீட்டு எங்களுக்கே வாசிக்கத் தெரியாது."

"அது அச்சடிச்ச சிவப்புக்குத்தான் சார். இது ஒளிர்ற எழுத்து, கண்ணுக்குப் பக்கத்துலயே இருக்கு. நிறம் மாறாது" என்றாள் மிருதுளா.

இரண்டாவது, சாதா மாஸ்க்கோடு மணிக்கட்டில் கட்டும் கம்ப்யூட்டர். பொடிப்பெட்டி அகலம், ஆரஞ்சு எழுத்து. கஸ்பார் அதைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினார், மடக்கினார், தலையைப் பின்னால் சாய்த்தார். கஸ்பார் யாரென்றால் இன்னாசியின் தங்கை தெக்லாவின் புருஷன். நாற்பத்தொன்பது வயது, அசல் வெள்ளெழுத்து. கை இன்னும் ஒரு முழம் நீளமாக இருந்திருந்தால் அவருக்குக் கண்ணாடியே தேவைப்பட்டிருக்காது.

"மாப்ள, கையக் கழத்தி எதுத்த செவத்துல மாட்டும், தெளிவாத் தெரியும்" என்றார் இன்னாசி. கூடம் முழுக்கச் சிரித்தது. கஸ்பாரும்தான்.

மூன்றாவது மாஸ்க்கில்தான் விஷயம் இருந்தது.

"இது உங்க கண்ணு எங்க போகுதுன்னு கவனிக்கும்" என்றாள் மிருதுளா. "எந்த எண்ணை அடிக்கடி பாக்குறீங்களோ, அதைப் பெருசாக்கி நடுவுல கொண்டு வரும். பாக்காததைச் சின்னதாக்கி ஓரத்துக்குத் தள்ளும். கொஞ்ச நாள்ல உங்களுக்கு வேணுங்கிறது மட்டும்தான் இருக்கும். கஷ்டப்பட்டுப் படிக்கவே வேண்டாம். வெள்ளெழுத்துக்கும் அதுவே சரிபண்ணிக்கும்."

"ஜோடி ஆளு காத்து தெரியுமா?" என்றார் இன்னாசி.

"தெரியும் சார். ரெண்டு மாஸ்க்கையும் ஜோடியாப் பதிஞ்சுட்டா, அவர் சிலிண்டர்ல எவ்வளவு காற்று இருக்கு, எவ்வளவு ஆழத்துல இருக்கார்னு உங்க கண்ணாடியில வரும். தண்ணிக்குள்ள சத்தமா அனுப்பி வாங்கிக்கும். முன்னூறு மீட்டர் வரைக்கும் போகும்."

"பேச்சும் போகுமா?" என்றார் கஸ்பார்.

"பேச்சு போகாது. எண் மட்டும்."

"அப்ப இதையே எடுத்துருவோம். பேச்சாலதான வீட்டுல சண்டையே வருது."

மிருதுளா ஒரு படிவத்தை எடுத்தாள். "உங்க காற்றை நீங்க எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பாப்பீங்க?"

நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் அதைக் கூச்சம் என்று நினைத்து "அடிக்கடி" என்று எழுதிக்கொண்டாள்.

அந்த இடத்தில்தான் பிசகியது. எங்கள் ஆட்கள் தங்கள் காற்றைப் பார்ப்பதே கிடையாது.

முத்துக் குளித்த காலத்தில் முக்குளிப்பவனின் இடுப்புக் கயிறு வள்ளத்தில் மச்சான் கையில்தான் இருக்கும் என்பார்கள். தன் தங்கச்சி தாலியைத் தானே அறுக்க எவனுக்கும் மனசு வராது என்பது நியாயம். பிறகு சிலிண்டர் வந்தது, கயிறு போயிற்று. மச்சான் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் பெண் கொடுத்தவனோ எடுத்தவனோ இல்லாமல் ஜோடி சேர்ந்து இறங்க மாட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கும்போதே நுரையீரல் எப்படி என்று விசாரிப்பார்கள். கீழே போனதும், மச்சானின் காற்றை நீ பார், உன் காற்றை அவன் பார்ப்பான். இருநூறில் தொடங்கும் காற்று அறுபதுக்கு வந்ததும் தோளைத் தொட்டு மேலே கை காட்டுவான், ஏறிவிட வேண்டும். அவன் இருக்கும்போது உன் காற்றை நீயே எட்டிப் பார்த்தால், விருந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு கட்டுச்சோற்றைப் பிரிக்கிற மாதிரி. மச்சான் ஒரு வாரம் பேச மாட்டான்.

கஸ்பாரின் வெள்ளெழுத்துக்கும் இந்த வழக்கம் தோதாகவே இருந்தது. தன் மணிக்கட்டில் கட்டிய காற்று முள் மங்கும். எட்டி நிற்கிற மச்சான் மணிக்கட்டு பளிச்சென்று தெரியும்.

ஆக, மூன்றாவது மாஸ்க்கே முடிவாயிற்று. அதுவும் நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டது. இவர்கள் கண் எங்கே போனதோ அதைப் பெரிதாக்கியது. இரண்டே மாதத்தில் ஒவ்வொருவர் கண்ணாடியிலும் நடுவில் பச்சையாக ஒரே எண்: மச்சானின் காற்று. சொந்தக் காற்று முதலில் ஓரத்துக்குப் போனது, பிறகு கடுகானது, பிறகு காணாமலே போனது. ஒருவரும் தேடவில்லை.

"யக்கா, இப்ப எங்க மச்சான் என் நெத்தியிலயே குடியிருக்காரு" என்று மாஸ்க்கை என் கையில் கொடுத்தபடி சிரித்தார் கஸ்பார். அத்தனை சந்தோஷம்.

நெற்றியில் குடியிருப்பவன் என்ன செய்தாலும் தெரியத்தானே செய்யும்? இன்னாசியின் காற்று முன்னைவிட வேகமாகக் குறைகிறது என்று கஸ்பார் கவனித்தார். பழைய முள்ளில் அது பிடிபட்டிருக்காது. இப்போது ஒவ்வொரு மூச்சுக்கும் எண் இறங்குவது கண் முன்னால் தெரிந்தது. ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தவர் தெக்லாவிடம் சொன்னார்: "ஒங்க அண்ணன் ரொம்ப மூச்சு வாங்குதாவ. இருவது நிமிசத்துல பாதி காலி. நெஞ்சுல ஏதும் இருக்குமோன்னு பயமா இருக்கு. வெளிய சொல்லிராத."

தெக்லா வெளியே சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள். மாடியில் துணி காயப்போடும்போது, கண் கலங்கி, "யக்கா, அண்ணனுக்கு ஏதாவது ஆயிருமோ" என்று. நானும் ஊர் முழுக்கத் தமுக்கு அடிக்கவில்லை. ஒரே ஒருத்தியிடம் சொன்னேன், அதுவும் ஜெபம் பண்ணிக்கொள்ளச் சொல்லி. அவள் மேற்பார்வையாளர் பிலவேந்திரனின் பெண்டாட்டி. அவள் ஜெபம் பண்ணினாளோ இல்லையோ, மறுநாள் காலையில் இன்னாசியைப் படகிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கடலில் இறங்கக் கூடாது. மச்சான் இல்லாததால் கஸ்பாருக்கும் அந்த மாதம் படகில்தான் வேலை.

எடுக்காத படமில்லை, ஊதாத குழாயில்லை. கடைசியில் நெஞ்சில் ஒன்றுமில்லை. வயிறுதான். மருமகள் வந்த பிறகு வீட்டுச் சாப்பாட்டுக்கு ருசி கூடிவிட்டது. ஏறிய எடையை இழுத்துக்கொண்டு நீந்துவதற்கு மூச்சும் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு மாதம் கரையில் உட்கார்ந்திருந்த முக்குளிப்பாளனிடம் வயிறு என்று சொல்லிப் பாருங்கள். இன்னாசி நேராகத் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஏல கஸ்பாரு, என் காத்தப் பாக்கத்தான் ஒன்ன வச்சிருந்தேன். போட்டுக் குடுக்கதுக்கு இல்ல."

"மச்சான், நான் ஆபீஸ்ல வாயத் தொறக்கல. மாதா மேல ஆணையா."

"பெறவு எவன் சொன்னான்? மீன் வந்து சொல்லிச்சோ?"

தெக்லா நடுவில் வந்தாள். "அண்ணே, அவிய சொல்லல. நான்தான் வெளிய சொன்னேன்."

"யார்ட்ட சொன்ன?" என்று இரண்டு ஆண்களும் ஒரே குரலில் கேட்டார்கள். ஒற்றுமையாக அவர்கள் கடைசியாகச் செய்தது அதுதான்.

அவள் சொல்லவில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். "அத எதுக்குக் கேக்கிய? சொன்னது என் தப்பு" என்றாள். அதோடு சரி.

"வீட்டுல பேசுனத வெளிய விக்கிறவ, ஒங்கண்ணன் வீட்டுலயே போயி இரு" என்றார் கஸ்பார். கோபத்தில் சொன்ன வார்த்தை. அவள் கோபப்படாமலே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டு வாசல்கள். அந்த எட்டு வாசலும் பிறகு பாக் நீரிணை மாதிரி ஆகிவிட்டது. நான் அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை கொஞ்சம் சாப்பிட்டேன்.

இன்னாசி வேலைக்குத் திரும்பினார். "அவன் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று பிலவேந்திரனிடம் சொல்லி, ஐந்தாம் கூண்டுக்கு வேறு சொந்தக்காரனோடு போய்விட்டார். முறைக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஜோடியாகிவிட்டதால், வேறு வழியில்லாமல் இரண்டாம் கூண்டில் கஸ்பாருக்கு ஜோடியாக வந்தவன் புதிதாகச் சேர்ந்த நைனா முகமது. கீழக்கரை ஆள், வேலையில் சுத்தம். அந்தப் பக்கம் முறை வேறு: அவனவன் காற்றை அவனவன் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்தவன் காற்றை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. கஸ்பாரிடம் அவன் இதைச் சொல்லவில்லை, கஸ்பாரும் தங்கள் முறையை அவனிடம் சொல்லவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் வேலை மெனக்கெட்டுப் பேசிக்கொள்வார்கள்?

பத்தொன்பது தடவை இறங்கி ஏறினார்கள். நல்லவேளையாக எல்லாம் சின்ன வேலை. காற்று பாதி தீர்வதற்குள்ளேயே படகிலிருந்து மணி அடித்துக் கூப்பிட்டுவிடுவார்கள். இருபதாவது நாள் அப்படி இல்லை. சொறி கூட்டமாக வந்து ஆறு கூண்டையும் மூடிவிட்டது. மணி கிடையாது, முடிகிறவரை சுரண்டுங்கள் என்று உத்தரவு.

கடலுக்கடியில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று மடக்காதீர்கள். மூன்று பேர் தனித்தனியாக என் அறையில் ஈரம் சொட்டச் சொட்டச் சொன்னது.

காலை பத்தரை மணி. இரண்டாம் கூண்டின் கிழக்குப் பக்கம் கஸ்பார், மேற்குப் பக்கம் நைனா. தண்ணீர் கலங்கிக் கையளவு தூரம்தான் தெரிகிறது. கஸ்பார் மும்முரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். நேரம் கூடிப்போனது போல் தோன்றத்தான் செய்தது. ஆனால் தோளை யாரும் தொடவில்லையே. இருபத்தைந்து வருஷமாகத் தோளில் கை விழுந்தால்தான் மேலே ஏறிப் பழக்கம்.

அங்கே, ஐந்தாம் கூண்டில், இருநூற்றைம்பது மீட்டர் தள்ளி, இன்னாசி தாமதமாக இறங்கியிருந்தார். அவர் கண்ணாடியின் நடுவில் பச்சை எண். அது அவர் பக்கத்தில் நிற்கிறவனின் காற்று அல்ல. கஸ்பாரின் காற்று. எழுபது. அறுபத்தைந்து. அறுபது.

ஏறப் போகிறான் என்று நினைத்தார். ஐம்பத்தெட்டு. அதன் கீழே கஸ்பாரின் ஆழத்தைக் காட்டும் சின்ன எண் அசையவில்லை. அதே பதினெட்டு மீட்டர்.

கத்த முடியாது. பேச்சு போகாத மாஸ்க். மேலே ஏறிப் படகுக்காரனிடம் சொல்லலாம் என்றால், ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டாமலிருக்க நிதானமாக ஏறி, நடுவில் மூன்று நிமிஷம் நின்று, அவன் நங்கூரம் தூக்கி அங்கே போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இன்னாசி சுரண்டியைக் கீழே போட்டார். குழாயைத் தடவிப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கூண்டை நோக்கி நீந்தினார். ஏறிய எடை, ஐம்பத்திரண்டு வயது, எதிர் நீரோட்டம். வாங்கிய மூச்சுக்கு அளவில்லை.

இப்போது கஸ்பார் பக்கம் வாருங்கள். அவர் கண்ணாடியின் நடுவிலும் ஒரு பச்சை எண் இருந்தது. இன்னாசியின் காற்று. நூற்றைம்பதில் நிம்மதியாக இருந்த எண் திடீரென்று விழத் தொடங்கியது. நூற்று முப்பது. நூற்றுப் பதினைந்து. அதே நேரம் காதில் அபாய ஒலி. அது கஸ்பாரின் சொந்தச் சிலிண்டர் ஐம்பதைத் தொட்டதற்கான ஒலி. ஆனால் கண்ணில் படுவதோ மச்சானின் எண், அதுவும் சரசரவென்று இறங்குகிறது. கஸ்பார் என்ன நினைப்பார்? மச்சான் வலையில் சிக்கிக்கொண்டார், இல்லை, அந்த நெஞ்சுக் கோளாறு நிஜம்தான், டாக்டர்களுக்குத் தெரியவில்லை.

மேலே ஏற வேண்டிய மனிதர் ஏறவில்லை. ஐந்தாம் கூண்டை நோக்கி நீந்தினார்.

இவர் வேகமாக நீந்த நீந்த இவர் காற்று விழும். அதைப் பார்த்து அவர் இன்னும் வேகமாக நீந்துவார். அவர் காற்று விழும். அதைப் பார்த்து இவர். மூன்று வாரமாக முகத்தில் முழிக்காத இரண்டு பேர், ஒரே குழாயின் இரு முனையிலிருந்து, ஒருவர் சாவை ஒருவர் பார்த்துக்கொண்டு, அந்தச் சாவை வேகப்படுத்திக்கொண்டு நீந்தினார்கள்.

நடுவழியில் கஸ்பாருக்கு மூச்சு இழுத்தால் வரவில்லை. இரண்டாவது தடவை இழுத்தார், ரப்பர் மட்டும் உதட்டில் ஒட்டியது. அப்போதும் எண் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது: எழுபத்திரண்டு. "மச்சானுக்கு இன்னும் எழுவத்திரண்டு இருக்கு, பொழச்சுக்கிடுவாருன்னு நெனச்சேன் யக்கா" என்றார் என்னிடம். தனக்கு என்ன இருக்கிறது என்று யோசிக்க அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை.

கலங்கல் தண்ணீரில் ஒரு கை வந்து அவர் தோளைத் தொட்டது.

இன்னாசி தன் உபரி வாய்க்குழாயை அவர் வாயில் திணித்தார். ஒரே சிலிண்டரில் இரண்டு பேரும், ஒருவர் இடுப்புப் பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நடுவில் நிற்க வேண்டிய மூன்று நிமிஷமும் நின்று, பத்துக்குக் கீழே காற்றை வைத்துக்கொண்டு மேலே வந்தார்கள். தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் இன்னாசி சொன்ன முதல் வார்த்தையை எழுதினால் அச்சகத்தில் போட மாட்டார்கள். இரண்டாவது வார்த்தையை அவர் சொல்லவில்லை. படகில் ஆளுக்கொரு மூலையில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். கூண்டைச் சுற்றி ஆளைத் தேடித் தேடி ஓய்ந்து மேலே வந்த நைனா முகமதுதான் பாவம், இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதான்.

விசாரணை வைத்தார்கள். வைக்காமல் இருப்பார்களா? மிருதுளா சென்னையிலிருந்து ஓடி வந்தாள். ஜோடி மாறி மூன்று வாரமாகியும் பழைய ஜோடியின் எண் எப்படி அந்த மாஸ்க்குகளில் இருந்தது என்பதுதான் கேள்வி. ஜோடி மாற்றத்தை மாஸ்க்கில் பதிய வேண்டியவர் சாமான் அறைப் பொறுப்பாளர். அதாவது என் வீட்டுக்காரர்.

"நான் பதிஞ்சேன் ஐயா. அன்னைக்கே பதிஞ்சேன்" என்றார் தொம்மை. பிலவேந்திரன் உதட்டைப் பிதுக்கினார்.

அன்று சாயங்காலம் மிருதுளா இரண்டு மாஸ்க்கையும் எங்கள் அறையில் வைத்துக் கணினியில் பொருத்தினாள். நான் மற்ற மாஸ்க்குகளை அலசிக்கொண்டிருந்தேன். அவள் முகம் மாறியது.

"என்னம்மா?" என்றார் தொம்மை.

"நீங்க பதிஞ்சிருக்கீங்க அங்கிள். சரியாத்தான் பதிஞ்சிருக்கீங்க." குரல் இறங்கிவிட்டது. "ஜோடி மாறிட்டா, ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மாஸ்க் ஒரு கேள்வி கேக்கும். 'பழைய ஜோடியை நீக்கவா?' வேணும்னா ஒரு தடவை கண் சிமிட்டணும், வேண்டாம்னா ரெண்டு தடவை. இருபது நாள் கேட்டிருக்கு. இவர் இருபது தடவையும் வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

"யாரு, கஸ்பாரா?"

"ரெண்டு பேரும்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மூடவில்லை.

"இதக் குடுத்தா ஒம்ம மேல பழி இல்ல" என்றேன் நான் தொம்மையிடம்.

"குடுத்தா அவங்க ரெண்டு பேர் அனுமதியும் ரத்தாகும்" என்றாள் மிருதுளா. "தெரிஞ்சே ஜோடி விதியை மீறியிருக்காங்க. இனி கடல்ல இறங்க முடியாது." மாஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றினாள். "தப்பு என்னுதும்தான். ஒரு மனுஷனோட சொந்தக் காற்றை மறைக்கிற அளவுக்கு எளிமையாக்கினது நான். தினமும் காலையில ஒருத்தர்கிட்ட 'இவரை விட்டுரவா, விட்டுரவா'ன்னு கேக்குற கருவியச் செஞ்சதும் நான்தான். முதல் நாள் நீங்க எப்படிப் பாப்பீங்கன்னு கேட்டேன். யாரும் சொல்லல. நானும் திரும்பக் கேக்கல."

தொம்மை துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒரு வாரத்தில் பேசுவதை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். "மெமோதான குடுப்பாவ? குடுக்கட்டும். உப்புத்தண்ணி உள்ள போயிட்டு, பதிவு இல்லன்னு எழுதும்மா."

அவள் எழுதினாள். பிறகு என்னைப் பார்த்தாள். தொம்மையும் என்னைப் பார்த்தார். என்னைப் பற்றி ஊரில் என்ன அபிப்பிராயம் என்று அந்த நிமிஷம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

இரண்டு பேரும் ஓய்வு பெற்று, அந்த மாதிரி மாஸ்க்கே வழக்கொழிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன் என்பதை நினைவில் வையுங்கள். அன்றைக்கு நான் எழுதவுமில்லை, பேசவுமில்லை. பிலவேந்திரன் பெண்டாட்டி இரண்டு தடவை நல்ல காப்பி போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். காப்பியை மட்டும் குடித்தேன்.

தொம்மைக்கு மெமோ வந்தது. ஆலையில் எல்லா மாஸ்க்கையும் திரும்ப வாங்கி, மிருதுளா மாற்றிக் கொடுத்தாள்: சொந்தக் காற்று நடுவில், பெரிதாக, யார் கண் எங்கே போனாலும் நகராமல். அதற்கு அடுத்து ஜோடியின் காற்று. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கஸ்பாரும் இன்னாசியும் வேலைக்குத் திரும்பினார்கள். பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றப் போன பிறகு பேச்சை ஆரம்பிப்பது இன்னும் சிரமம் போலிருக்கிறது.

மெமோ வந்த வாரம், மத்தியானம், தெக்லா அலசும் அறைக்கு வந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். அண்ணன் வீட்டில் இருந்து மெலிந்திருந்தாள்.

"யக்கா, அந்தப் பதிவுல என்ன இருந்துச்சு?"

என் வாய்க்குள் அது பதினைந்து நாளாக உருண்டுகொண்டிருந்தது. இவளிடம் சொல்லலாம். சொல்ல வேண்டும். என்னால் பிரிந்த குடும்பம், ஒரு வாக்கியத்தில் ஒட்டிவிடும். ஆனால் சொன்னால் இவள் அழுவாள். அண்ணனிடம் கேட்பாள், அண்ணி காதில் விழும், அங்கிருந்து குழாயடி, குழாயடியிலிருந்து ஆபீஸ். அந்தப் பாதை எனக்குத் தெரியும். நான் போட்ட பாதை.

"தெரியாதுடி" என்றேன்.

"அந்தச் சென்னைப் பொண்ணு இங்க வச்சுத்தான பாத்தா?"

"தண்ணி போயிட்டாம். பதிவு இல்லையாம். எனக்கு என்ன தெரியும்?"

தெக்லா என்னைப் பார்த்தாள். நான் மாஸ்க்கைப் பார்த்தேன். அந்த மாஸ்க்கை ஏற்கெனவே மூன்று தடவை அலசியிருந்தேன்.

"பிலவேந்திரன் வீட்டுப் பல்லி எத்தன முட்ட போட்டுச்சுன்னு சொல்லுவிய. இது ஒங்களுக்குத் தெரியாது?"

"மாதா சத்தியமா..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக ஏறி வந்தது.

"சரிக்கா. நீங்களே தெரியாதுன்னு சொல்லுதியன்னா, அது வெளிய வந்தா ரெண்டு பேரு பொழப்பும் போயிரும். தொம்மை அண்ணே மெமோ வாங்கினதும் அதுக்குத்தான். மறைக்கிற அளவுக்கு அந்த ரெண்டு மனுசங்களும் என்னமோ செஞ்சிருக்காவ. ஒருத்தர ஒருத்தர் விடாம." கண்ணைத் துடைத்தாள். "சொல்லாதிய. நானும் கேக்கல."

எழுந்து போனாள். அரை மணி நேரத்தில், பையைத் தூக்கிக்கொண்டு எட்டு வாசலையும் கடந்து என் ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றாள். கதவைத் தட்டினாள். கஸ்பார் திறந்தார். கண்ணைச் சுருக்கி, யாரென்று பார்ப்பதற்குத் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். அவ்வளவு பக்கத்தில் நின்றாள் அவள்.

அப்புறம் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.